ஹெகாட்டேயின் சக்கரம்: டாலரோடு வைக்கும் அட்டையில் என்ன எழுதலாம்?

வெள்ளிக்கம்பி, மாட்டுங்கா

அனைவருக்கும் வணக்கம். ஜவேரி பஜாரில் உள்ள ஒரு சிறிய வெள்ளிப் பட்டறைக்கு டாலர், கம்மல், மோதிரம் ஆகியவற்றின் வரைபடங்களைப் போட்டுக் கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் பாந்திராவில் வசிக்கும் ஒரு பெண்மணி, கிரேக்கத் தெய்வமான ஹெகாட்டேயின் சக்கரம் என்று சொல்லப்படும் ஒரு சின்னத்தை 925 வெள்ளியில் 20 டாலர்களாகச் செய்து தரும்படி கேட்டார். மாதம் ஒருமுறை கூடி வழிபடும் தம் தோழியருக்காக அவற்றைச் செய்கிறார். வெளியே ஒரு வட்டம், அதற்குள் பாம்பு நெளிவதுபோல் மூன்று மடல்களாக வளைந்து செல்லும் ஒரு வழி, நடுவில் சிறு வட்டத்துக்குள் ஆறு இதழ் கொண்ட ஒரு விண்மீன் என்பதுதான் அவர் அனுப்பிய படம்.

படத்தைப் பார்த்த எங்கள் பத்தர், நடுவிலிருப்பது முருகனின் அறுகோணம் என்றே எண்ணி, இரண்டு முக்கோணங்களை நேர்க்கோட்டில் வெட்டி முதல் மெழுகு அச்சைச் செய்துவிட்டார். அதைத் திருத்துவதற்காகப் பழைய மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று அருங்காட்சியகப் படங்களில் பல இரவுகள் தேடினேன். மூன்று உடலோடு நிற்கும் ஹெகாட்டேயின் சிற்பங்கள் நிறையக் கிடைத்தன, ஆனால் இந்தச் சக்கரத்தைக் கல்லிலோ நாணயத்திலோ பானையிலோ ஓரிடத்திலும் நான் காணவில்லை. இந்த நிலையில், ஒவ்வொரு டாலரோடும் வைக்கும் அட்டையில் “2000 ஆண்டுகளாகக் கிரேக்கர்கள் அணிந்துவந்த சின்னம்” என்று அச்சிட வேண்டும் என்பது வாடிக்கையாளரின் விருப்பம்.

நான் ஏன் தயங்குகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு கடையில், புதிதாக வரைந்த ஓர் அட்டிகைக்குச் சோழர் காலத்து வடிவம் என்று சீட்டு எழுதி விற்றோம். அதை வாங்கிய அம்மையார் தம் மகளின் திருமணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். பின்னர் உண்மை தெரிந்து கடைக்கு வந்து, அவர் கோபப்படாமல் அந்தச் சீட்டை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே கேட்கிறேன்: இந்தச் சின்னம் உண்மையிலேயே பழையதா? பழையதில்லை என்றால், வழிபடுகிறவர்களின் மனம் நோகாதபடி உண்மையை எப்படி எழுதுவது?

ஏட்டுப்பூச்சி, முலுண்டு

வணக்கம் அம்மா. கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் விடை தெளிவாகிவிடும். ஹெகாட்டேயின் சக்கரம் என்ற பெயர் மிகப் பழையது; நீங்கள் வார்த்துக்கொண்டிருக்கும் வடிவம் நம் காலத்தது.

முதலில் தெய்வம். கி.மு. 700ஐ ஒட்டி ஹெசியோட் பாடிய தெய்வங்களின் பிறப்பு வரலாற்றில், பெர்செஸ், ஆஸ்டீரியா ஆகியோரின் மகளான ஹெகாட்டேயை தேவர்களின் அரசரான சியூஸ் மற்ற எல்லோருக்கும் மேலாக மதித்தார் என்றும், மண்ணிலும் கடலிலும் வானிலும் அவளுக்குப் பங்கு உண்டு என்றும் நாற்பது அடிகளுக்குமேல் புகழ்ச்சி வருகிறது. அங்கே அவள் சூனியக்காரிகளின் தலைவியாகவோ இருளின் அரசியாகவோ காட்டப்படவில்லை. மீனவருக்கு மீனும், ஆயருக்கு மந்தையும், மன்றத்தில் பேசுவோருக்கு வெற்றியும் தருகிறவளாகவே காட்டப்படுகிறாள். பயிர்த் தெய்வமான டிமீட்டருக்குரிய பழைய துதியில், கடத்திச் செல்லப்பட்ட அவளுடைய மகள் பெர்செஃபோனியின் அலறலைத் தன் குகையிலிருந்து கேட்டவளும், கையில் தீப்பந்தத்தோடு அந்தத் தாயைத் தேடி வந்தவளும் அவள்தான். மூன்று உடல் கொண்ட உருவம் அதற்குப் பின்னர் வந்தது. ஏதென்ஸ் கோட்டைக் குன்றில் வெற்றித் தெய்வத்தின் கோயிலருகே நின்ற சிலையே அவ்வகையில் முதலாவது என்றும், அதைச் செய்தவர் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சிற்பியான அல்காமெனீஸ் என்றும் பயண நூல் எழுதிய பாசானியாஸ் குறிப்பிடுகிறார்.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தோன்றிய கல்தேய அருள்வாக்குகள் என்ற கிரேக்கச் செய்யுள் தொகுப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. பிறர் மேற்கோள் காட்டிய துண்டுகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று, ஹெகாட்டேயின் ஸ்ட்ரோஃபாலோஸைக் கொண்டு செயற்படு என்கிறது. ஸ்ட்ரோஃபாலோஸ் என்றால் சுழலும் பொருள். அது எப்படி இருந்தது என்பதைப் பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் வாழ்ந்த மிக்கேல் ப்செல்லோஸ் விளக்குகிறார்: நடுவில் நீலக்கல் பதித்த ஒரு பொன் உருண்டை, அதன் மேற்பரப்பு முழுவதும் எழுத்துக் குறிகள், அதைச் சுழற்றுவதற்குக் காளைத்தோல் வார். அதைச் சுழற்றியபடியே தெய்வத்தை அழைப்பார்கள் என்றும், உருண்டையாக மட்டுமன்றி முக்கோணமாகவோ வேறு வடிவிலோகூட அது இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். அவர் கிறித்தவர், இச்சடங்குகளை வீண் என்று கருதியவர், மூலநூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் என்பதையும் மனத்தில் வைத்தே இதைப் படிக்க வேண்டும்.

இதன் இன்னொரு பெயர் இயுங்க்ஸ். கிரேக்கப் பானை ஓவியங்களில் அது காதல் தேவனின் கையில் இருக்கும். நாம் சிறுவயதில் சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு துளையிட்டு, நூல் கோத்து, இரு கைகளாலும் இழுத்து ‘விர்ர்’ என்று சுற்றவிட்டோமே, அதே அமைப்புதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞரான தியோகிரிடஸின் பாடலில், கைவிட்டுப் போன காதலனைத் திருப்பி இழுத்து வரும்படி சிமைதா என்ற பெண் இந்தச் சக்கரத்தைத்தான் திரும்பத் திரும்ப வேண்டுகிறாள்; ஹெகாட்டேயையும் அழைக்கிறாள். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுத் தத்துவ ஞானி புரோக்ளோஸ் இயுங்க்ஸைச் சுழற்றி மழை வருவித்து ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா நாட்டின் வறட்சியைப் போக்கினார் என்று அவருடைய மாணவர் மரீனோஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

கவனித்துப் பாருங்கள், இவற்றில் எதுவுமே கழுத்தில் அணிந்த தட்டையான சின்னம் அன்று. எல்லாம் கையில் பிடித்துச் சுழற்றி ஒலி எழுப்பிய கருவிகள். மூன்று மடல் நெளிவழியும் நடு விண்மீனும் கொண்ட வரைபடத்தை ப்செல்லோஸ் உட்பட எந்தப் பழைய ஆசிரியரும் விவரிக்கவில்லை. கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை மீண்டும் வழிபடும், இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த புதிய பேகன் இயக்கங்களின் வழியாகவே அது பரவியது. கிரேக்கர்கள் இதை அணிந்தார்கள் என்று எழுதினால் அது தவறு.

அமாவாசை விளக்கு, தாணே

நான் ஒன்பது ஆண்டுகளாக ஹெகாட்டேயை வழிபட்டு வருகிறேன். மேலே ஐயா எழுதியதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் வடிவம் புதியது என்பதால் வழிபாட்டில் அதற்குப் பொருளில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தட்டு இருக்கிறது; அதில் இந்தச் சக்கரம் செதுக்கப்பட்டுள்ளது. இரவில் விளக்கேற்றி, ஆள்காட்டி விரலை அந்த நெளிவழியில் வைத்து மெல்ல நகர்த்துவேன். ஒரு மடலுக்குள் சென்று, நடுவட்டத்தின் அருகே வந்து, அதைத் தொடாமல் மீண்டும் வெளியே திரும்பி, அடுத்த மடலுக்குள் நுழைந்து, மூன்றையும் கடந்தபின் விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பித்தளை முதலில் குளிர்ந்திருக்கும், மூன்றாவது சுற்றுக்குள் விரலின் சூடு ஏறிவிடும். கல்தேய அருள்வாக்குகளில் ஹெகாட்டே தந்தைத் தெய்வத்தின் அறிவுக்கும் இவ்வுலகத்துக்கும் நடுவே நிற்பவள், அவளுடைய வலப்பக்கத்திலிருந்து உயிர் ஊற்றெடுத்துப் பாய்கிறது. அந்த ஊற்றையே என் விரல் தொடர்வதாக நினைத்துக்கொள்வேன். ஆகவே தோழி, வார்ப்பில் அந்த வழி எங்கும் அறுபடாமலும், பற்றவைத்த இடம் மேடு தட்டாமலும் இருக்கும்படி உங்கள் பத்தரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு நடு விண்மீனின் கோணத்தைவிட அதுவே முக்கியம்.

அட்டை எழுதும்போது இன்னொரு தவறும் நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மடல்கள் கன்னி, தாய், முதியவள் என்ற மூன்று பருவங்களைக் குறிக்கின்றன என்று பலர் எழுதுவார்கள். அந்தப் பேகன் இயக்கங்களுள் ஒன்றான இன்றைய விக்கா வழிபாட்டில் அது உயிருள்ள நம்பிக்கை, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வகுப்பு பெரிதும் பரவியது 1948இல் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய நூலுக்குப் பிறகுதான். பழைய மூவுருவச் சிலைகளில் மூவரும் ஒரே வயதுடைய இளம்பெண்களாகவே நிற்கிறார்கள். மூன்று சாலைகள் கூடுமிடத்தில் ஒரே தெய்வம் மூன்று திசையையும் ஒருசேரப் பார்க்கிறாள் என்பதே அவற்றில் நேராகத் தெரிவது.

முச்சந்திக்கும் அவளுக்கும் உள்ள உறவுதான் என்னை முதலில் ஈர்த்தது. நிலவுக் கணக்கில் அமைந்த ஏதென்ஸ் மாதத்தின் கடைசியில், நிலவில்லாத இரவில், வீட்டார் முச்சந்தியில் ஹெகாட்டேக்கு உணவு படைத்துவிட்டு வருவார்கள். கி.மு. 388இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் செல்வம் என்ற நாடகத்தில், அந்த உணவைக் கீழே வைப்பதற்குள் ஏழைகள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று ஒரு பாத்திரம் பேசுகிறது. அந்த வரியைப் படித்த நாள்முதல், அமாவாசையன்று நான் சமைப்பதை எங்கள் தெருமுனையில் கொட்டிக் குப்பையாக்காமல், அங்கே இரவுக் காவல் பார்க்கும் பெரியவருக்கும், அவருடைய நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும் மூன்று நாய்களுக்கும் கொடுத்துவிடுகிறேன். நாய் அவளுக்கு உரிய விலங்கு. என் அடுக்ககத்தில் சிலர் இதை ஏவல், பில்லி, சூனியம் என்று பேசியதுண்டு. இரண்டு ஆண்டுகள் வலித்தது. பெரியவர் மட்டும் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை, அமாவாசை வந்தால் தாமே தட்டை எடுத்துத் துடைத்து வைத்திருப்பார்.

சதுக்கத்தான், சயான் கோலிவாடா

ஒரு சிறு சேர்க்கை மட்டும். பத்தர் அறுகோணம் என்று நினைத்ததில் வியப்பில்லை. இங்கே டாலரைப் பார்க்கும் பெரும்பாலோருக்கும் அதுவே தோன்றும். இதழ்களின் முனையைச் சற்றே வளைத்து, சுழல்வதுபோல் காட்டினால் அந்தக் குழப்பம் தீரும். சுழலும் பொருள் என்ற பழைய பெயருக்கும் அது பொருந்தும்.

சந்தியைக் காக்கும் தெய்வம் என்றதும் நம்மவருக்குச் சிலப்பதிகாரத்தின் சதுக்கப் பூதம் நினைவுக்கு வரும். புகார் நகரத்து நாற்சந்தியில் நின்று, பொய்த்தவம் செய்வோரையும் பொய்ச்சாட்சி சொல்வோரையும் பாசத்தால் கட்டி அறைந்து உண்ணும் பூதம் அது. திருஷ்டி கழித்து முச்சந்தியில் பூசணிக்காய் உடைப்பதும், சனிக்கிழமைதோறும் இந்த ஊர்க் கடைவாசல்களில் எலுமிச்சையும் ஏழு பச்சை மிளகாயும் தொங்குவதும் அதே வாசல், அதே சந்தியைப் பற்றிய அச்சத்திலிருந்து வந்தவை. ஆனால் ஒத்த உணர்வு வேறு, ஒரே தெய்வம் என்பது வேறு. ஹெகாட்டேதான் நம் காளி என்று அட்டையில் ஒரு வரி சேர்க்கும்படி யாராவது சொன்னால், தயவுசெய்து சேர்க்காதீர்கள். இரண்டு தெய்வங்களுக்கும் அது நீதியாகாது.

ஏட்டுப்பூச்சி, முலுண்டு

பழமைதான் வேண்டும் என்று உங்கள் வாடிக்கையாளர் வற்புறுத்தினால், அதற்கும் வழி இருக்கிறது. தீப்பந்தமும் சாவியும் ஐயத்துக்கு இடமில்லாத பழைய அடையாளங்கள். இன்றைய துருக்கியில் முலா மாகாணத்திலுள்ள லாகினா, ஹெகாட்டேயின் மிகப் பெரிய கோயில்களுள் ஒன்று இருந்த ஊர். அங்கே ஆண்டுதோறும் சாவியை ஏந்திச் செல்லும் ஊர்வலம் நடந்தது. சாவி ஏந்துபவள் என்றே ஒரு பூசாரிப் பெண்ணுக்குப் பட்டம் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அக்கோயிலின் சிற்பப்பட்டையை இன்றும் இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காணலாம். டாலரின் பின்புறத்தில் ஒரு சிறு சாவியைப் பொறித்தால், முன்பக்கம் இன்றைய சின்னம், பின்பக்கம் பழைய சின்னம் என்று இரண்டும் ஒரே வெள்ளியில் அமைந்துவிடும்.

வெள்ளிக்கம்பி, மாட்டுங்கா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வாடிக்கையாளரைப் பட்டறைக்கே வரச்சொல்லி, நீங்கள் எழுதியவற்றை வரி விடாமல் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், நீலக்கல் பதித்த பொன் உருண்டையைப் பற்றி இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு, 20 டாலர்களில் ஒன்றின் நடுவில் மட்டும் சிறு நீலக்கல் பதிக்க முடியுமா என்று கேட்டார். அது அவருடைய குழுவின் மூத்த பெண்மணிக்காம். பத்தர் உடனே குழி எடுக்க அளவு குறித்துக்கொண்டார். பின்புறச் சாவிக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்: “ஹெகாட்டேயின் சக்கரம். இப்பெயர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கல்தேய அருள்வாக்குகளில் வருகிறது. அக்காலத்தில் அது தெய்வத்தை அழைக்கச் சுழற்றிய கருவி. இவ்வடிவம் இன்றைய வழிபாட்டாளர்கள் உருவாக்கியது. பின்புறமுள்ள சாவி, லாகினா கோயில் ஊர்வலத்தில் ஏந்திச் சென்ற சாவியை நினைத்துப் பொறிக்கப்பட்டது.”

ஏட்டுப்பூச்சி, முலுண்டு

பிழை இல்லை அம்மா. “உருவாக்கியது” என்பதை “போற்றுவது” என்று மாற்றினால் போதும். முதலில் வரைந்தவர் யார் என்று நம்மால் காட்ட முடியாத நிலையில், இன்று அதைக் கையில் வைத்திருப்பவர்களைச் சொல்வதே சரியாக இருக்கும்.

வெள்ளிக்கம்பி, மாட்டுங்கா

மாற்றிவிட்டேன் ஐயா. திங்கட்கிழமை வார்ப்புக்குப் போகிறது.