சிறுவர் கதையில் மன்னிப்புக் காட்சி: முடிவு எழுத உதவி தேவை

ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்காக நான் எழுதிவரும் படக்கதை, மன்னிப்பு வரும் இடத்தில் மேலே நகராமல் நின்றுவிட்டது. மொத்தம் 32 பக்கங்கள்; கடைசிச் சில பக்கங்கள் மட்டுமே மீதம்.

தாராவுக்குப் பேச்சு திக்கும். அவள் வகுப்பில் உரக்கப் படிக்கும்போதெல்லாம் கவின் "ப... ப... பட்டம்" என்று அவளைப் போலவே பேசிக் காட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் மீனா, எதுவும் சொல்லாமல் தாராவின் புத்தகத்தில் விரல் வைத்து, அவளோடு சேர்ந்து அதே வரியைப் படிக்கிறாள். திக்குவாய் உள்ள பலருக்கு இன்னொருவரோடு ஒரே குரலில் படிக்கும்போது சொற்கள் தடையின்றி வரும் என்பதால் இந்தக் காட்சி உண்மைக்கும் நெருக்கமானது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே.

முடிவைப் பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஆசிரியர் கண்டித்து மன்னிப்புக் கேட்க வைத்தபோது, கவின் தண்டனைக்குப் பயந்து பேசுவதாகவே தோன்றியது. தாரா அவனை ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாக எழுதினால், துன்பப்பட்ட குழந்தைதான் தன் மதிப்பை நிரூபிக்க வேண்டும் என்ற பொருள் வந்துவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியாது. இருவரும் உடனே நண்பர்களாகும் வடிவத்தை வாசித்துக் காட்டியபோது, கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, "நாளைக்கு அவன் மறுபடியும் கேலி பண்ணினா?" என்றாள். அதற்குக் கதையில் பதில் இல்லை.

கவின் தானாக வருந்த வேண்டும், தாரா அவனோடு நட்பாகாமலேயே மன்னிக்கலாம் என்பதுவரை தெளிவாக இருக்கிறேன். அவள் மன்னித்துவிட்டாள் என்பதை அறிவுரையாகச் சொல்லாமல், ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும்படி எந்தச் செயலால் காட்டலாம்?