ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் சூடு: கார் ஏசியில் என்ன கோளாறு?

காவிரிக்கரை (திருச்சி)

வணக்கம். என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மதுரை ரோட்டில் விராலிமலைப் பக்கம் 80-ல் போகும்போது ஏசி நன்றாகவே குளிர்கிறது, ஆனால் ஊருக்குள் வந்து பால்பண்ணை சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. வண்டி நகர்ந்தால் மறுபடி கொஞ்சம் குளிரும். மார்ச்சில் கேஸ் ஏற்றினேன், அதற்குப் பிறகும் இதே கதைதான். இப்போது அதே கடையில் கம்ப்ரெஸர் (கேஸை அழுத்தி ஓட்டுகிற பம்ப்) போய்விட்டது, 22,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு மதிய வெயிலில் அழைத்துப்போக வேண்டியிருக்கிறது, அதனால் தள்ளிப்போடவும் முடியாது. பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

ஸ்பேனர்செட்

கம்ப்ரெஸரை இப்போதைக்குத் தொடவேண்டாம். கம்ப்ரெஸர் முழுசாகப் போயிருந்தால் விராலிமலையிலும் குளிராது. ஓடினால் குளிர், நின்றால் சூடு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர் ஃபேன்.

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறதே, அதுதான் கண்டென்சர். உள்ளே இருந்து இழுத்துவந்த வெப்பத்தை கேஸ் அங்கேதான் வெளியே விடுகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். அது சுற்றாவிட்டால் ஹை சைடு பிரஷர் (கம்ப்ரெஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பக்கத்து அழுத்தம்) ஏறிக்கொண்டே போய், 400 பிஎஸ்ஐ தாண்டியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும் (வண்டிக்கு வண்டி இந்த அளவு கொஞ்சம் மாறும்).

பானெட்டைத் திறந்துவைத்து, இஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். கம்ப்ரெஸர் 'டக்' என்று பிடித்ததும் ஃபேனும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் ஃப்யூஸ், அப்புறம் ரிலே. ஹாரன் ரிலேயும் அதே நம்பரில் இருந்தால் மாற்றிப்போட்டுப் பார்க்கலாம். கையை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும்.

பழைய ஏசி மெக்கானிக் (திருப்பூர்)

தம்பி, மேலே சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மக் தண்ணீர் சோதனையும் செய்து பாருங்கள். சூடான காற்று வரும் நேரத்தில் முன்கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் தண்ணீரை மெதுவாக ஊற்றினால், ஒரு நிமிடத்துக்குள் குளிர்ச்சி திரும்பிவிட்டால் கோளாறு கண்டென்சர் பக்கம்தான். ஃபேன் ஓடாமல் இருக்கலாம், அல்லது கண்டென்சரில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கலாம். பிரஷர் வாஷ் அடித்து மட்டும் சுத்தம் செய்யாதீர்கள், அதிலுள்ள மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கிவிடும்.

இன்னொன்று, 21 வருடம் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. அது மூடிய சுற்றில் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது, பெரும்பாலும் பைப் இணைப்பிலோ, கல் பட்ட கண்டென்சரிலோ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலிலோ. லீக் ஆகிற இடத்தில் கேஸோடு கம்ப்ரெஸர் எண்ணெயும் கசிவதால் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அதை அடைக்காமல் மேலே மேலே ஏற்றுவது பணத்துக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. இந்த மாதிரி வண்டிகளின் ஏசியில் போடுகிற ஆர்134ஏ வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது.

கேஸ் குறைந்ததா இல்லையா என்பதே தெரியாமல் உங்களுக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். வெறும் பிரஷர் கேஜைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று போட்டிருக்கும், சின்ன ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் 300 முதல் 500 கிராமுக்குள். பழையதை மெஷினில் வெளியே எடுத்து எடை பார்த்து, அரை மணி நேரம் வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), அது நிற்கிறதா என்று கவனித்து (நிற்காவிட்டால் லீக் இருக்கிறது), அதன்பிறகு எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். கேஸ் அதிகமானாலும் சூடான காற்றுதான் வரும்.

நெல்லைச்சீமை

இந்தக் கேள்வியைத் தேடி வருகிறவர்களுக்காக: எல்லா சூடான காற்றுக்கும் ஃபேன் காரணமில்லை. எனக்கு ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக வந்தது, கம்ப்ரெஸர் பைப் தொட்டால் ஜில்லென்று இருந்தது. கடைசியில் பார்த்தால் டேஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் பிரிக்கிற தட்டு பாதியில் மாட்டிக்கொண்டு ஹீட்டர் காற்றைக் கலந்துகொண்டிருந்தது. காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அது கையால் செய்கிற வேலை.

காவிரிக்கரை (திருச்சி)

எல்லாருக்கும் நன்றி. மக் தண்ணீர் ஊற்றியதும் குளிர்ச்சி திரும்பியது! ஃபேன் சுற்றவே இல்லை, ஃப்யூஸும் ரிலேயும் நன்றாக இருந்தன. தில்லைநகர் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தார், அசையவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. புது மோட்டார், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். அண்ணன் சொன்னபடி வேறொரு கடையில் கேஸை எடுத்து எடை போட்டோம். ஸ்டிக்கரில் 380 கிராம், உள்ளே இருந்தது 510. மார்ச்சில் இருந்த கேஸுக்கு மேலேயே ஏற்றியிருக்கிறார்கள். வேக்யூம் அரை மணி நேரம் அசையாமல் நின்றது, 380 மட்டும் போட்டார்கள். நேற்று மதியம் அதே பால்பண்ணை சிக்னலில் தெர்மாமீட்டரை ஏசி வாயில் வைத்துப் பார்த்தேன், 9 டிகிரி.

பழைய ஏசி மெக்கானிக் (திருப்பூர்)

நல்லது தம்பி. அதிக பிரஷரில் இத்தனை நாள் ஓடியிருக்கிறது, அதனால் ஒரு மாதம் கழித்து கம்ப்ரெஸர் சத்தத்தையும் பைப் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவை ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கண்ணாடிகளை இறக்கி ஏசியைப் போட்டு, உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஏற்றிவிடுங்கள்.