நாம் சுத்தமான ஆட்கள்தான், ஆனால் படிக்கட்டு?

கேள்வி:

ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நானும் மனைவியும் மட்டும்தான். எங்கள் வீடு இரண்டாவது மாடி, எதிர்வீட்டில் வயதான ஜெர்மன் அம்மா ஒருவர் இருக்கிறார். முதலில் தலையசைப்பார், இப்போது எங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். போன வாரம் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம். படிக்கட்டு கூட்டுவதில்லையாம், வாசலில் செருப்பு கிடக்கிறதாம், மாடிப்படி முழுக்க சமையல் வாடையாம். நாங்கள் இரண்டு வேளை குளிக்கிறவர்கள், செருப்புக்காலோடு யாரையும் உள்ளே விடமாட்டோம். எங்களைப் போய் இப்படி எழுதியிருக்கிறார்கள். ஆபீசிலும் மேனேஜர், "உன் மனதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை" என்கிறார். இது இனவெறிதானே? வீடு மாறிவிடலாமா?

பதில்:

தம்பி, அவசரப்பட்டு வீடு மாறாதீர்கள். இந்த ஊரில் இன்னொரு வீடு பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்பது வருடம் முன்பு எனக்கும் ஏறக்குறைய இதே கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருப்பதால், கீழே அழைப்புமணிப் பலகையிலும் அவர் பெயர், கடிதத்திலும் அவர் பெயர். "அப்பா பேரைக் கெடுத்துடாதே" என்று சொல்லித்தான் ஊரில் விமானம் ஏற்றினார்கள். படிக்கட்டு கூட்டாதவர் என்று எழுத்து மூலமாகப் பெயர் வாங்கிய ஒரே தஞ்சாவூர்க்காரர் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை என் கதவுப்பிடியில் 'கேர்வோகே' என்று எழுதிய சின்ன அட்டை தொங்கியது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து, பார்க்க அழகாக இருந்ததால் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டேன். கேர்வோகே என்றால் 'கூட்டும் வாரம்'. அந்த அட்டை யார் கதவில் தொங்குகிறதோ அவர் முறை அந்த வாரம். கூட்டித் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். அட்டை என் வீட்டில் கறிவேப்பிலை டப்பாவுக்கு மேலே தொங்க, எங்கள் மாடியின் முறையே மூன்று வாரம் நின்றுபோனது.

உங்கள் கட்டடத்திலும் இதுவாகத்தான் இருக்கும். சின்ன கேர்வோகே என்றால் உங்கள் மாடியின் படிகளும் நடையும். பெரியது என்றால் நிலவறை, வாசல், நடைபாதை. அது கட்டடத்திலுள்ள எல்லா வீட்டுக்கும் சுற்றி வரும். 1492-இல் போட்ட நகரச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நகராட்சி விதியாக இருந்ததை 1988-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தத்தோடு கொடுத்த 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்ற வீட்டு விதித் தாளை எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், நானும் படிக்காமல்தான் போட்டேன்.

நம் சுத்தம் வாசற்படிக்கு உள்ளே இருக்கிறது. குளிப்பது, செருப்பைக் கழற்றுவது, அடுப்பைத் துடைப்பது, எதுவும் அந்த அம்மா கண்ணில் படாது. அவர் கண்ணில் படுவது வாசலுக்கு வெளியே கிடப்பதுதான். சென்னை அடுக்ககத்தில் படிக்கட்டைக் கூட்ட ஒரு அக்கா வருவார், நாம் மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுவோம். அதனால் படிக்கட்டு நம் கணக்கிலேயே வருவதில்லை. அவர் கணக்கில் முதல் வரியே அதுதான். செருப்பும் அப்படித்தான். உள்ளே அழுக்கு வரக்கூடாதென்று நாம் வெளியே விடுகிறோம். அவருக்கோ அது எல்லோருக்கும் பொதுவான நடை, தீப்பிடித்தால் ஓட வேண்டிய வழி. அலமாரி வாங்கிக் கதவுக்கு உள்ளே வைத்துவிடுங்கள்.

தாளிப்பு வாடைக்காக வெட்கப்பட வேண்டாம். தாளிக்கும்போது வீட்டுக் கதவைத் திறந்துவைத்துப் புகையை மாடிப்படியில் விடுகிறீர்களா? ஊரில் செய்வதுதான். இங்கே அது பெரிய குற்றம். எவ்வளவு குளிரானாலும் ஜன்னலை அகலத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். அவர்கள் முட்டைக்கோஸ் வேகவைக்கும் நாளில் உங்களுக்கும் ஒரு ஆறுதல் கிடைக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் குடிபோன அன்று அந்த அம்மா வீட்டு மணியை அடித்து, இன்னார் வந்திருக்கிறோம் என்று சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து, "புதுசா வந்திருக்கீங்களா, பால் காய்ச்சியாச்சா?" என்று கேட்பார். வந்தவன் அடக்கமாக இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. இங்கே புதிதாக வந்தவன்தான் போய் மணியடித்து அறிமுகம் செய்துகொள்வான். ஆக, நீங்கள் அவர் வருவார் என்று காத்திருந்தீர்கள், அவர் நீங்கள் வருவீர்கள் என்று காத்திருந்தார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. "நாங்கள் வம்புக்கே போகமாட்டோம்" என்று நீங்கள் பெருமையாக நினைப்பதை அவர் திமிர் என்று வைத்திருப்பார். படியில் யாரைப் பார்த்தாலும் நீங்களே முந்திக்கொண்டு 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்லுங்கள். ஞாயிறு மட்டும் வாக்குவம் கிளீனரைத் தொடாதீர்கள். இரவு பத்துக்கு மேலும் அப்படித்தான்.

ஆபீஸ் கதையும் இதன் தம்பிதான். மூத்தவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது நமக்குப் பண்பு. அவர்களுக்கு, கூட்டத்தில் வாய் திறக்காதவனிடம் சொல்ல எதுவும் இல்லை. "சரி, பார்க்கலாம்" என்று தலையை ஆட்டினால் நமக்கு அது பாதி மறுப்பு. அவர்கள் அதை முழுச் சம்மதமாகக் குறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வந்து வேலை எங்கே என்று கேட்பார்கள். முடியாதென்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்களைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு தாளே உண்டு. வேலையை விடும்போது சான்றிதழ் தருவார்கள், கேட்டு வாங்குவது சட்டப்படி உங்கள் உரிமை. அதில் "எப்போதும் முயற்சி செய்தார்" என்று இருந்தால் நாம் ஃபிரேம் போட்டு மாட்டுவோம். உண்மையில் அதற்கு, முயன்றார், ஆனால் ஒன்றும் தேறவில்லை என்று பொருள். "எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான திருப்தி" என்று இருந்தால்தான் முதல் தரம். 'எப்போதும்', 'முழுமையான' இரண்டும் போய் வெறும் திருப்தி என்று நின்றால் அது நாலாம் தரம். உங்களுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அதற்குள் மேனேஜரிடம் நேராகப் போய், என்ன மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். நேராகச் சொல்வார், கொஞ்சம் சுருக்கென்று தைக்கும்.

இனவெறியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வீடு தேடியபோது என் பெயரைப் பார்த்தே பதில் போடாதவர்கள் இருந்தார்கள். வேலையிலும் வாடகையிலும் அப்படி ஒதுக்கினால் 2006-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் இருக்கும் மூன்றும் விதிப்படி சரியான புகார்கள். முதலில் இதை முடியுங்கள். அதன் பிறகும் முகம் திரும்பியே இருந்தால், அப்போது வேறு பேச்சு பேசலாம்.

இன்னொரு பதில், ஓர் அக்காவிடமிருந்து:

அண்ணா சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கட அப்பா 1985-இல் வந்தவர். ஊரில் வாத்தியார், இங்கே உணவகத்தில் பாத்திரம் கழுவினவர். சாகும்வரைக்கும் தன்னை வாத்தியார் என்றுதான் நினைத்திருந்தார், அயலுக்கு அவர் ஒரு அகதி. இப்போது இந்தியாவிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் தமிழ்க்கடையில் எங்களைக் கண்டால் ஒரு அடி தள்ளி நின்றுதான் கதைப்பினம். "நாங்கள் ப்ளூ கார்டில், படித்தவர்களுக்கான வேலை விசாவில் வந்தவர்கள்" என்று முகத்திலேயே எழுதியிருக்கும். எதிர்வீட்டு அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நாங்கள் எல்லாரும் அவருக்கு 'இன்டர்', இந்தியர்தான். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் கும்பாபிஷேகம் கண்டது. தேருக்கு ஒருமுறை வாங்கோ. அந்த வீதியில் ஜெர்மன்காரரும் வடிவாகப் பார்த்துக்கொண்டு நிற்பினம். அங்கேயாவது யார் யார் எந்த விசாவில் வந்தது என்று கேளாமல் ஒரு பிடி வடம் பிடிக்கலாம்.

கேட்டவர்:

இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா, நான் அப்படித் தள்ளி நின்றிருக்கிறேன், மறைக்கவில்லை. செருப்பு அலமாரி வாங்கியாச்சு. சனிக்கிழமை காலை ரவா கேசரியோடு எதிர்வீட்டு மணியை அடித்து, மனப்பாடம் செய்த ஜெர்மனில் பெயர் சொன்னோம். கேசரியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தன் கதவிலிருந்த அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முக்கால் மணி நேரம் கூட்டித் துடைத்தேன். முடித்து நிமிர்ந்தால் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்து, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் விரலை விட்டு இழுத்து, தூசியைக் காட்டினார்.