ஹைப்பீரியன் படத்துல குழிக்குள்ள தெரியுற கருப்பு, நிழலா? கறையா?

இருட்டறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் வானியல் படிச்சவன் இல்லை. 31 வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தினவன், அதுல பாதி டார்க் ரூம் சிவப்பு பல்புக்குக் கீழேயே போச்சு. இப்ப கடையை மகன் பார்க்குறான். எனக்கு நேரம் நிறைய இருக்கு.

போன வாரம் பேத்தி ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, பாத்திரம் தேய்க்குற ஸ்பாஞ்சு"ன்னு சிரிச்சா. சனிக்கோளோட துணைக்கோள் ஹைப்பீரியன். 2005 செப்டம்பர் 26-ல காசினி விண்கலம் பக்கத்துல கடந்து போனப்போ எடுத்ததாம். உருண்டையும் இல்லை, தட்டையும் இல்லை, கடிச்சுப் போட்ட கொய்யாப்பழம் மாதிரி ஒரு உருவம். உடம்பு பூரா குழி. அதுல ஒரு பக்கம் பெரும் பள்ளம்.

அன்னிக்கு ராத்திரி பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன், பழக்கதோஷம். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருது, நிழலெல்லாம் எதிர்ப்பக்கம் ஒழுங்கா விழுது. அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா வெயில் நேரா இறங்குற குழியிலயும் அடிப்பகுதி கருப்பாவே இருக்கு. நிழல்னா அங்க விழ வழியே இல்லை. நம்ம தொழில்ல இப்படி ஒரு பிரிண்ட் வந்தா, "யாரோ பிரஷ் வச்சு டச்சிங் பண்ணிருக்கான்"னு சொல்லிடுவோம். இது என்ன? அப்புறம், இந்தக் கலர் நிஜமா?

பொரிமூட்டை:

எல்லாம் கிராபிக்ஸ் தாத்தா. ஸ்பாஞ்சை போட்டோ எடுத்து கருப்புப் பின்னணில ஒட்டிட்டாங்க 😄

இருட்டறைக்காரன்:

தம்பி, ஒட்டுற வேலை எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வராத மாமனைக் குரூப் போட்டோல நிக்க வச்சவன் நான். ஒட்டினா எங்கயாவது ஒரு நிழல் காட்டிக்கொடுத்துடும். இதுல நூத்துக்கணக்கான குழி இருக்கு, ஒரு நிழல்கூடத் திசை மாறலை. அதனாலதான் அந்தக் கருப்பு மட்டும் உறுத்துது.

வளையத்துக்கு அப்பால்:

ஐயா, உங்க கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு. அது நிழல் இல்லை, கறைதான். குழிகளோட அடியில கார்பன் கலந்த கருமையான பொருள் தேங்கிக் கிடக்கு. சுத்தி இருக்குற மேடு பெரும்பாலும் தண்ணிப் பனிக்கட்டி, அதனால வெளுப்பாத் தெரியுது. கருப்பு வெயிலைக் கூடுதலா இழுத்துச் சூடாகும்; அப்போ அடியில இருக்குற பனி மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும், கருப்பு மட்டும் மிஞ்சும். குழி இன்னும் ஆழமாகும். வெயில்ல காயப்போட்ட வெள்ளை வேட்டிக்கும் கருப்புக் குடைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

கலரைப் பொறுத்தவரை, பிரபலமான அந்தப் படம் நிஜ நிறம் இல்லை. சுமார் 62,000 கிமீ தூரத்துல, புற ஊதா, பச்சை, அகச்சிவப்பு வடிகட்டிகள் வழியா எடுத்ததைச் சேர்த்துச் செஞ்சது. நேர்ல பார்த்தா ஹைப்பீரியன் செம்மண் சாயல்ல இருக்கும். அந்தச் சிவப்பைக் குறைச்சு மத்த நிற வேறுபாட்டை ஏத்தியிருக்காங்க. அதை நாசா மறைக்கவும் இல்லை, படக்குறிப்புலயே எழுதியிருக்கு. டச்சிங்னு சொன்னா இதைத்தான் சொல்லணும்.

மலர்விழி_இயற்பியல்:

ஸ்பாஞ்சுன்னு உங்க பேத்தி சொன்னதுக்கு நான் முழு மார்க் போடுவேன் ஐயா. காசினி அவ்வளவு பக்கத்துல போனப்போ, அதோட பாதையை ஹைப்பீரியன் எவ்வளவு இழுக்குதுன்னு அளந்து நிறையைக் கணக்குப் போட்டாங்க. அடர்த்தி தண்ணியில பாதிக்குக் கொஞ்சம் மேல, கன சென்டிமீட்டருக்கு 0.54 கிராம்தான் வந்துச்சு. கெட்டிப் பனிக்கட்டியே 0.9-க்கு மேல. அப்படின்னா உள்ளே 40 சதவீதத்துக்கும் மேல வெற்றிடம்.

குழிகள் இவ்வளவு கூர்மையா, அழியாம இருக்குறதுக்கும் அதுதான் காரணம். புழுதித் தரையில கல்லை எறிஞ்சா மண் சிதறிப் பக்கத்துக் குழியைத் தூர்க்கும். பொரி மூட்டையில எறிஞ்சா (மேலே எழுதின நண்பர் மன்னிக்கணும்) அமுங்கி உள்ளே போகும், வெளியே அதிகம் சிதறாது. சிதறுற கொஞ்சமும் திரும்பி விழுறது கஷ்டம், ஏன்னா அங்க ஈர்ப்பு பூமியில ஏறத்தாழ 500-ல் ஒரு பங்குதான். நீங்க சொன்ன பெரும் பள்ளம் கிட்டத்தட்ட 120 கிமீ அகலம், 10 கிமீ ஆழம். மொத்த உருவமே 360 x 266 x 205 கிமீதான், பார்த்துக்கோங்க. சுமார் 400 கிமீ குறுக்களவு உள்ள, சனியோட இன்னொரு துணைக்கோள் மைமஸ் உருண்டையாயிடுச்சு, இது ஆகலை.

வளையத்துக்கு அப்பால்:

கேமராவைச் சொல்ல மறந்துட்டேன், உங்களுக்குப் பிடிக்கும். காசினியோட குறுங்கோணக் கேமரா 2000 மிமீ லென்ஸ், எஃப் 10.5. சென்சார் 1024 x 1024 தான், கருப்பு வெள்ளை. முன்னாடி ரெண்டு சக்கரம், மொத்தம் 24 வடிகட்டி. அகலக்கோணக் கேமரா 200 மிமீ. அதோட லென்ஸ் பழைய வாயேஜர் விண்கலத் திட்டத்துல மிச்சமிருந்த உதிரி! கேமராவைத் தனியாத் திருப்ப முடியாது, விண்கலமே திரும்ப வேண்டியிருந்துச்சு. படம் எடுக்குறப்போ ஆன்டெனா பூமியைப் பார்க்கலை, பதிவு பண்ணி வச்சு அப்புறமா அனுப்புச்சு.

இன்னொண்ணு. ஹைப்பீரியன் ஒழுங்காச் சுத்தாது, கண்டபடி உருளும். சனியோட பெரிய துணைக்கோள் டைட்டன் சனியை நாலு சுத்து சுத்துறதுக்குள்ள இது மூணு சுத்து வருது, பாதையும் நீள்வட்டம். இது இப்படித்தான் தடுமாறும்னு விஸ்டம், பீல், மின்யார்னு மூணு விஞ்ஞானிகள் 1984-லயே சொல்லிட்டாங்க. அதனால ரொம்ப முன்னாடியே திட்டம் போட்டாலும், அன்னிக்கு எந்தப் பக்கம் கேமராவுக்கு முகம் காட்டும்னு யாராலயும் சொல்ல முடியாது.

இருட்டறைக்காரன்:

கைக்குழந்தையை பாஸ்போர்ட் சைஸ் எடுக்குற கஷ்டம்! தலை எப்ப எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாது. நாங்களாவது கிலுகிலுப்பை ஆட்டுவோம்.

நேத்து மகனோட கம்ப்யூட்டர்ல படத்தைப் போட்டு, கருப்பை மட்டும் மெல்ல மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ரெண்டு கருப்பு தனித்தனியாப் பிரிஞ்சிடுச்சு. நிழல் கடைசி வரைக்கும் ஒண்ணுமே காட்டலை. குழி அடியில இருந்தது மட்டும் காப்பிக்கொட்டை நிறத்துல எழுந்து வந்துச்சு, அதுக்குள்ளயும் குட்டிக் குட்டிக் குழி. கறைதான், ஒத்துக்கிட்டேன்.

வடிகட்டி வாரியாத் தனித்தனிக் கருப்பு வெள்ளைப் படம் கிடைக்குமா? சிவப்பைக் குறைக்காம நானே ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கணும்.

வளையத்துக்கு அப்பால்:

கிடைக்கும், காசு இல்லை. நாசாவோட காசினிப் படக் களஞ்சியத்துல ஹைப்பீரியன்னு தேடி, 2005 செப்டம்பர் 26 தேதியைக் கொடுங்க. கோப்புப் பேரு என்-ல ஆரம்பிச்சா குறுங்கோணம், டபிள்யூ-ல ஆரம்பிச்சா அகலக்கோணம். ஒவ்வொரு படமும் எடுக்குறதுக்குள்ள விண்கலம் நகர்ந்திருக்கும், அதனால அளவு லேசா மாறும். ஒண்ணு மேல ஒண்ணு பொருத்துறப்போ பெரும் பள்ளத்தோட விளிம்பைப் பிடிச்சுக்கோங்க.

இருட்டறைக்காரன்:

மூணு நெகட்டிவை ஒண்ணா அடுக்குற வேலைதானே. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், ஆரம்பிக்கிறோம்.