புதுப்பிப்பு: ஈரக் காலைகளில் வந்த மிஸ்ஃபயர் தீர்ந்தது

என் 1994 கார் டர்பனின் ஈரக் காலைகளில் மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல்) குலுங்குகிறது, ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் திணறுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பிளக், காயில், வயர் எல்லாம் மாற்றியும் பயனில்லை. கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சரியாகவே இருந்தது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், பக்கத்து வீட்டு மாமாதான் வழி சொன்னார். "ராத்திரி இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல லேசா தண்ணி தெளிச்சுப் பாரு தம்பி. கைய மட்டும் வச்சிடாத." ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்தான் டிஸ்ட்ரிபியூட்டர். தெளித்ததும் அதன் மூடியில் நீலப் பொறி ஓடியது! கழற்றினால், இரண்டு முனைகளுக்கு நடுவே மயிரிழை விரிசல், அதில் பென்சில் கோடு போலக் கரி. ஈரம் சேர்ந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கரிவழியே கசிந்துவிடும். வெயில் ஏறியதும் கோளாறு மறைந்தது அதனால்தான்.

சரி, மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் மாற்றியாச்சு. நேற்று மழையிலேயே ஏற்றம் ஏறினேன். ஒரு குலுக்கல்கூட இல்லை. மாமாவுக்கு மனமார்ந்த நன்றி.