முதல் வாடகை வீடு: கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வாடகைக்கு விடுவதற்காக முதன்முறையாக ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை, பழைய அடுக்குமாடி, ஒரு குடும்பம் குடியிருக்கிறது. விலையில் 25 சதவீதம் கையில் இருக்கிறது. மீதி 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடன். அடுத்த மாதம் முன்தொகை கொடுத்தாக வேண்டும்.

விலை 100 என்றால் வருட வாடகை 5, தவணை 7.5. அதிலும் ஒரு மாதம் வீடு காலி, பழுது, வரி, காப்பீடு எல்லாம் போனால் வாடகையில் நிற்பது நாலுகூட இல்லை. தவணையை 30 வருடமாக நீட்டிப் பார்த்தேன், 6.6 வருகிறது, அப்போதும் துண்டு விழுகிறது. விலையைக் குறைக்கக் கேட்டேன், உரிமையாளர் அசையவில்லை. வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன், தரகர் சொன்ன தொகைதான் இருக்கிறது.

அப்புறம், குளியலறைக் கூரையில் புதுப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பழுப்பாக ஈரக்கறை தெரிகிறது. மேல்வீட்டுக் குழாய்க் கசிவாக இருக்கும் என்பது என் சந்தேகம். பொறியாளரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்க எனக்கு மனமில்லை. வாடகை வீட்டில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: மாதாமாதம் கைக்காசு போட்டு இதை வாங்குவீர்களா, இல்லை வாடகையே தவணையைத் தாங்கும் அளவுக்கு முன்பணம் சேரும்வரை பொறுப்பீர்களா?