செல்ஃப் எடுக்கவில்லை (குடும்பக் குழு, ஞாயிறு காலை)

நான், 6:48: கார் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டிக்டிக்டிக் என்று வேகமாக அடிக்கிறது, எஞ்சின் சுற்றவே இல்லை. பதினொரு மணிக்குள் சேலம் மண்டபத்தில் இருக்க வேண்டும்.

அத்தை: ஐயோ! சீர்த்தட்டு எல்லாம் உன் வண்டியில்தானே இருக்கிறது?

நான்: ஆமாம் அத்தை, டிக்கியில்.

அண்ணன்: அந்தச் சத்தம் வந்தால் பேட்டரி டவுன். ராத்திரி உள் லைட்டை அணைக்காமல் விட்டிருப்பாய்.

நான்: இல்லை. பேட்டரியும் போன தீபாவளிக்குத்தான் மாற்றினோம்.

சித்தப்பா: செல்ஃப் மோட்டார் மேல் சுத்தியலால் ஒரு தட்டு தட்டு. என் வண்டி ஒரு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது.

அண்ணன்: சித்தப்பா!! 😂

நான்: மெக்கானிக்குக்கு போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே செல்ஃப் போய்விட்டது, முழு செட் மாற்றணும் என்கிறார். ஆறாயிரமாம்.

பெரியப்பா, 7:02: யாரும் எதையும் தட்ட வேண்டாம், மாற்றவும் வேண்டாம். கண்ணு, கியரை நியூட்ரலில் வை, ஹேண்ட்பிரேக் போடு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் என்ன ஆகிறது என்று மட்டும் சொல்.

நான்: சுவரில் பார்த்தேன் பெரியப்பா. லேசாகத் துடிக்கிறது, ஆனால் மங்கவில்லை.

பெரியப்பா: அங்கேதான் விஷயம். பேட்டரி செத்திருந்தால் லைட் அணைகிற மாதிரி மங்கும். செல்ஃப் சுற்ற ஆரம்பிக்கும்போது சின்ன பெட்ரோல் காரே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உன் வண்டியில் அவ்வளவு போகவே இல்லை. வோல்டேஜ் பார்க்கிற மீட்டர் இருக்கிறதா?

நான்: அப்பாவுடையது இருக்கிறது.

பெரியப்பா: டிசி 20 வோல்ட்டில் வை. சிவப்பு முள் பிளஸில், கறுப்பு முள் மைனஸில். சும்மா இருக்கும்போது எவ்வளவு, திருப்பும்போது எவ்வளவு? சாவியைத் திருப்ப உன் அம்மாவைக் கூப்பிடு. பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்.

அம்மா: நான் திருப்பிவிட்டேன். எனக்குக் கை நடுங்குகிறது. அடுப்பில் பால் வேறு.

நான்: சும்மா இருக்கும்போது 12.5. திருப்பும்போது 11.7க்குக் கீழே போகவில்லை.

பெரியப்பா: 12.6 என்றால் முழு சார்ஜ். சோர்ந்த பேட்டரி திருப்பும்போது 9, 8 என்று சரிந்துவிடும். உன் பேட்டரி தப்பித்தது. டெர்மினல் இரண்டையும் கையால் அசைத்துப் பார். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா?

நான்: இறுக்கமாக இருக்கிறது. சுத்தமாகவும் இருக்கிறது.

அண்ணன்: பேட்டரி நன்றாக இருந்தால் டிக்டிக் ஏன் வருகிறது? எனக்குப் புரியவில்லை பெரியப்பா.

பெரியப்பா: சாவியைத் திருப்பினால் முதலில் சொலினாய்டு, அதாவது செல்ஃபோடு இருக்கிற மின்காந்த சுவிட்ச், இழுத்துக்கொள்ளும். அது இழுத்ததும் மோட்டாருக்கு லைன் சேரும். மோட்டார் கேட்கிற ஆம்பியர் வரவில்லை என்றால் அங்கே வோல்டேஜ் விழும், சொலினாய்டு பிடியை விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். அந்தச் சத்தம்தான் அது. பேட்டரி சோர்ந்தாலும் வரும், வழியில் தடை இருந்தாலும் வரும். டிப்போவில் 24 வோல்ட் பஸ்ஸுக்கே இதே கதைதான். புது பேட்டரியை மாட்டிப் பார்த்துவிட்டு விழித்தவர்கள் உண்டு.

நான், 7:31: எதிர் வீட்டு அங்கிள் ஜம்பர் கேபிள் கொண்டு வந்தார். அவர் காரோடு மாட்டினோம். அதே டிக்டிக்.

அண்ணன்: அப்போது செல்ஃப்தான்.

பெரியப்பா: இரு. கறுப்புக் கிளிப்பை உன் வண்டியில் எங்கே மாட்டினீர்கள்?

நான்: பேட்டரி மைனஸில்.

பெரியப்பா: அதை மட்டும் எடுத்து எஞ்சினில் மாட்டு. எஞ்சினைத் தூக்குவதற்கு ஓர் இரும்புக் கொக்கி இருக்கும், அதில். பெயின்ட், பிசுக்கு இல்லாத இடமாகப் பார். பெல்ட் பக்கம் கேபிளோ துப்பட்டாவோ தொங்கக் கூடாது.

நான்: எடுத்துவிட்டது!!!!! ஒரே திருப்பு!

அம்மா: முருகா 🙏🙏

பெரியப்பா: எர்த். பிளஸ் வழியாகப் போகிற மின்சாரம் எஞ்சின் இரும்பு வழியாகத்தான் மைனஸுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழி கெட்டிருக்கிறது. இப்போது கேபிள் அதற்குப் புது வழி கொடுத்தது. ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியில் இருக்கிறது, அதனால்தான் மங்கவில்லை.

அத்தை: வண்டிதான் ஓடுகிறதே, அப்படியே கிளம்பச் சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: வழியில் டீ குடிக்க அணைத்தால் அங்கேயே நிற்பாள். டைனமோவுக்கும் அதே எர்த், சார்ஜும் ஒழுங்காக ஏறாது. அது மட்டுமில்லை, எர்த் கெட்டால் மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிவிடும். கண்ணு, அணைத்துவிட்டு ஜம்பரைக் கழற்று. கறுப்பு முள்ளைப் பேட்டரி மைனஸில் வை, சிவப்பு முள்ளை எஞ்சின் இரும்பில் வை. திருப்பும்போது என்ன காட்டுகிறது?

நான்: 9.1

பெரியப்பா: நல்ல எர்த் என்றால் அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. பேட்டரிக்குக் கீழே பார். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கோ பேட்டரி மைனஸுக்கோ ஒரு தடித்த வயர் போகும். சில வண்டியில் பின்னல் பட்டை மாதிரி இருக்கும்.

நான்: 📷

அண்ணன்: அடப்பாவமே, அது வயரா இல்லை பாசியா?

நான்: போல்ட் முழுக்கத் துரு. பட்டையை அசைத்தால் இழை இழையாக உதிர்கிறது.

பெரியப்பா: தேய்த்தால் தேறாது, புதுசு போடு. நீளத்தை அளந்துகொள், பழையதைவிட மெலிந்த வயரை வாங்காதே. ஆட்டோ எலக்ட்ரிகல் கடை எட்டு மணிக்குத் திறந்துவிடும். கழற்றும்போது பேட்டரியில் முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி வரும் வரை தேய். முறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின்.

நான், 8:47: மாட்டியாயிற்று. பட்டை 180 ரூபாய். எதிர் வீட்டு அங்கிள்தான் ஸ்பேனர் பிடித்தார். அதே இடத்தில் இப்போது 0.1 காட்டுகிறது. செல்ஃப் முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது!

பெரியப்பா: ஓடும்போது பேட்டரியில்?

நான்: 14.1

பெரியப்பா: போதும், சார்ஜ் ஏறுகிறது. கிளம்பு.

அத்தை: சங்ககிரி தாண்டியதும் ஒரு மெசேஜ் போடு பாப்பா. மெதுவாக வா.

அம்மா: மெக்கானிக் திரும்பக் கூப்பிடுகிறார், என்ன சொல்லட்டும்?

அண்ணன்: வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள் அம்மா. நாளைக்கு வேறு எதற்காவது தேவைப்படுவார்.

சித்தப்பா: அண்ணா, என் வண்டிக்கும் எர்த்தாக இருக்குமோ?

பெரியப்பா: உனக்கு டிக்டிக்கா, ஒரே டொக்கா?

சித்தப்பா: ஒரே டொக். தட்டினால் எடுத்துக்கொள்ளும்.

பெரியப்பா: அது செல்ஃபேதான். உள்ளே மின்சாரம் கொடுக்கிற கார்பன் கட்டை தேய்ந்து, சுற்றுகிற ஆர்மேச்சரைச் சரியாகத் தொடவில்லை, தட்டும்போது தொடுகிறது. இல்லையென்றால் சொலினாய்டுக்குள் காண்டாக்ட் கருகியிருக்கும். கழற்றிப் பிரித்து புது கார்பனும், தண்டைத் தாங்குகிற புஷ்ஷும் போட்டால் பெரும்பாலும் சரியாகும். இன்றைக்கு மண்டபத்துக்கு எதில் வருகிறாய்?

சித்தப்பா: அதில்தான்.

பெரியப்பா: உன்னுடையது ஆட்டோமேட்டிக். நின்றால் தள்ளியும் எடுக்க முடியாது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு 9:15க்கு பஸ் ஸ்டாண்டு வாசலில் நில், நான் ஏற்றிக்கொள்கிறேன்.

சித்தப்பா: சரி அண்ணா. நான்கு பேர் வருகிறோம்.

பெரியப்பா: மூன்று பேருக்குத்தான் இடம் இருக்கிறது.